கண்ணாடிக்குள் இருந்த கூறை

எங்கள் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. ஒன்றைக் கடந்துதான் அடுத்ததற்குப் போகலாம். முதல் அறை தரிசு நிலத்தை உடைத்துப் பயிர்செய்ய வந்த குடியானவர்களுக்கு: கலப்பை, மரச் சப்பாத்துகள், உருளைக்கிழங்குக் கூடை, கல்யாணத்துக்கு ஒருத்தி உடுத்திய கறுப்பு உடை. இரண்டாவது அறை கிரீன்லாந்து. இந்த ஊரிலிருந்து அங்கே ஆசிரியராகப் போன ஒருவர் அந்த மண்ணின் மக்களிடம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு வந்த தோலுடைகளும் சப்பாத்துகளும் எலும்பில் செதுக்கிய ஊசிப்பெட்டிகளும் அங்கே இருக்கின்றன. மூன்றாவது அறை பிந்தி வந்தது. அதில் தொழிற்சாலை வேலைக்கு வந்த துருக்கிக்காரரும், அகதியாக வந்த தமிழரான நாங்களும் இருக்கிறோம்.

டேனிஷ் நகரமான சில்க்போர்க்கிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் வரவேண்டிய சின்ன ஊர் இது. பதினெட்டு வருடமாக நான் இங்கே சேகரிப்புப் பதிவாளர். ஒரு பொருள் வந்தால் அளப்பேன், படம் எடுப்பேன், எண் கொடுப்பேன், எங்கே வைத்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவேன். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை, ஒழுங்கு வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருக்கிறது. என்னைக் கல்யாணம் செய்து ஏழு வருடம் பொறுத்துக்கொண்ட மனிதர் பிரிந்து போகும்போது அதைத்தான் குறையாகச் சொன்னார்.

இந்த வேலையில் ஒரு விதி மற்றெல்லா விதிகளுக்கும் மேலே. கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒருமுறை ஒரு விவசாயி வந்து, தன் தகப்பன் கொடுத்த மண்வெட்டியைத் தரமுடியுமா என்று கேட்டார். மகள் புதுவீடு கட்டியிருக்கிறாள், சுவரில் மாட்டவேண்டுமாம். கோப்பி ஊற்றிக் கொடுத்து, தகப்பன் கையெழுத்து வைத்த பத்திரத்தை அவருக்கு எடுத்துக் காட்டினேன். மனிதர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. விதி என் பக்கம் நிற்கும்போது எனக்கு முதுகு நிமிரும்.

மூன்றாவது அறையைத் தொடங்கியபோது எங்கள் தலைவர் தமிழர் பொருட்களைச் சேர்க்கும் பொறுப்பை என் தலையில் போட்டார். அவர் என்னைவிட வயதில் இளைய டேனிஷ் பெண், நல்லவர். ஸ்கீவவிலிருந்தும் ஒடென்சேயிலிருந்தும் ஆட்கள் பொருட்கள் கொண்டுவந்தார்கள். அகதி முகாமில் கொடுத்த குளிர்ச்சட்டைகள் மட்டும் பதினொன்று வந்தன. எல்லாம் ஒரே பச்சை. ஆளுக்கொரு கதையோடு வந்ததால் ஒன்றையும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. கல்யாண உடுப்பு மட்டும் வரவில்லை. முதல் அறையில் ஒரு மணப்பெண் உடை, இரண்டாவதில் ஒரு பெண்ணின் கொண்டாட்ட உடை, மூன்றாவதிலும் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லித் தலைவர் என்னையே பார்த்தார். என் கல்யாணக் கூறைச்சேலை வீட்டில் ஒரு சூட்கேசுக்குள் இருந்தது. அதைக் கொடுத்தால் விளக்க அட்டையில் என்ன எழுதுவது என்று நினைத்தே வாயைத் திறக்கவில்லை.

அதை அம்மாவிடம் புலம்பினேன். இரண்டு நாள் கழித்து அம்மா தன்னுடைய கூறையை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. பூச்சி உருண்டை மணம் அறை முழுக்க அடித்தது.

“உன்ரையைக் குடாதை. அதை ஆரும் பாக்க வேண்டாம்,” என்றார். “என்ரையை வை.”

“அம்மா, வடிவா யோசிச்சுத்தான் தாறியளோ? குடுத்தால் பிறகு திருப்பித் தரமாட்டினம்.”

“ஆர் தரமாட்டினம்? நீதானே அங்கை இருக்கிறாய்.”

“நான் வேலை செய்யிறன். மியூசியம் என்ரை இல்லை.”

“சரி, சரி. உன்னட்டைத்தானே தாறன். எங்கை ஒப்பம் வைக்கிறது?”

நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் இப்படித்தான். பிள்ளை வங்கியில் வேலை செய்தால் அது பிள்ளையின் வங்கி. ஒடென்சேயில் இருக்கும் ஒரு மாமி, மகன் பேருந்து ஓட்டுகிறான் என்பதற்காக, அந்த ஊரில் ஓடுவதையெல்லாம் ‘எங்கடை பஸ்’ என்பார். அம்மா பத்திரத்தில் தமிழில் கையெழுத்து வைத்தார். ‘நிபந்தனையின்றி, நிரந்தரமாக’ என்ற டேனிஷ் வரியை நான் வாசித்து மொழிபெயர்த்தும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். அவர் என்ன நினைத்துத் தலையாட்டினார் என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் நீந்தப் போய்க்கொண்டிருந்தார். சாவைப் பற்றி எங்கள் இருவருக்கும் நினைப்பே இல்லை.

பிறகு அந்தச் சேலை எனக்கு ஒரு பொருளாயிற்று. பூச்சி சாகவேண்டும் என்பதற்காக எல்லாத் துணிகளையும் போல அதையும் இரண்டு வாரம் உறைகுளிரில் வைத்தேன். நீள அகலம் எழுதினேன், இழையை எண்ணினேன், எண் எழுதிய சின்ன நாடாவை உட்கரையில் தைத்தேன். பொம்மைக்கு உடுத்துவதற்கு மட்டும் அம்மா வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, அந்தத் தலையில்லாத பொம்மையோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். “இடுப்பே இல்லாத மனுசி,” என்று ஏசினார். திறப்பு விழாவில் நகரபிதா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று பேசியபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்துவிடுவார்.

மூன்று வருடம் கழித்து அம்மாவின் கணையத்தில் புற்றுநோய் கண்டார்கள். மருத்துவர் மாதங்கள் என்று சொல்லாமல் வாரங்கள் என்று சொன்னார். அம்மா அதைக் கேட்டு அழவில்லை. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி வேலைகளைப் பிரிக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு எந்த மருந்து எந்த டப்பாவில், எந்தச் சிநேகிதிக்கு எந்த இரவல் பாத்திரம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் இதையும் சொன்னார்.

“பிள்ளை, அந்தக் கூறையை எடுத்துக்கொண்டு வந்து வீட்டை வை. பிறகு கடைசி நேரத்திலை அந்தரப்படக் கூடாது.”

“எந்தக் கூறை?”

“நான் எத்தினை கூறை கட்டினனான்?”

புருஷன் உயிரோடு இருக்க மனைவி இறந்துபோனால் அவளைக் கூறை உடுத்தித்தான் அனுப்புவது எங்கள் வழக்கம். மணவறையில் மாப்பிள்ளை தட்டில் வைத்துக் கொடுக்க, பெண் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்து தாலிக்குக் கழுத்தை நீட்டிய அதே சேலை. இது எனக்குத் தெரியாததல்ல. சிறுவயதிலிருந்து எத்தனையோ செத்தவீடுகளில் பார்த்தது. ஆனால் மூன்று வருடமாகத் தினமும் அந்தப் பெட்டியைக் கடந்து போயும் எனக்கு ஒருநாளும் அது நினைவுக்கு வரவில்லை. நான் அதை எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன்.

“அது மியூசியத்தின்ரை, அம்மா. எடுக்கேலாது. நீங்கள் ஒப்பம் வைச்சுக் குடுத்திட்டியள்.”

“உன்னட்டைத்தானே தந்தனான்.”

“நான் அப்பவே சொன்னனான்.”

அம்மா என் பக்கம் திரும்பி, “அப்ப நீ அங்கை என்ன வேலைதான் செய்யிறாய்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோப்பி எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய், தாழ்வாரத்தின் முடிவில் இருந்த இயந்திரத்துக்கு முன் நின்றேன். பதினெட்டு வருட வேலையை ஒரு வரியில் முடித்துவிட்டாரே என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சாகப்போகிறார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அப்பா சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு எதையும் இழுபறி இல்லாமல் முடிக்கவேண்டும்.

“இஞ்சரும், கடையிலை வடிவான கூறை வந்திருக்காம். அதே சிவப்பிலை ஒண்டு எடுப்பம். ஆருக்குத் தெரியப் போகுது?”

“கடையிலை கிடக்கிறது சீலை,” என்றார் அம்மா. “கூறை நீங்கள் தந்தது.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் சூட்கேசில் ஒரு கூறை கிடக்கிறது என்பது மூவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் தலைவரிடம் போனேன். முழுக்கச் சொன்னேன். அவர் கண்கலங்கினார், என் கையைப் பிடித்தார், அப்புறம் விதியைச் சொன்னார். பதிவான பொருளைச் சேகரிப்பிலிருந்து நீக்குவதற்கு நிர்வாகசபை சம்மதிக்கவேண்டும், பிறகு கோபன்ஹேகனுக்கு எழுதவேண்டும், அங்கிருந்து பதில்வர மூன்று நான்கு மாதம் எடுக்கும். இன்றே எழுதுகிறேன் என்றார். எழுதியும் விட்டார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், கண்கலங்கியிருக்கவும் மாட்டேன். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு கிரீன்லாந்துப் பெண் நேரம் கேட்டு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஊரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர், வேலைக்குப் போகும் வழியில் வந்ததால் சீருடையோடு இருந்தார். இரண்டாவது அறையில் இருக்கும் பெண்களுக்கான சப்பாத்துச் சோடி ஒன்றை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். சீல் தோலில் தைத்தது, முழங்கால்வரை உயரம். எடுத்து மேசையில் வைத்து அவருக்கும் கையுறை கொடுத்தேன். வெறுங்கையால் தொடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பினார்.

“நடக்காத சப்பாத்து,” என்றார். பிறகு உள்ளே விரலை விட்டுத் துழாவினார். இடது குதிக்காலில் இன்னொரு தோல்துண்டு வைத்துத் தைத்திருப்பதைக் காட்டினார். விற்பதற்குத் தைக்கிறவள் இப்படி மினக்கெடமாட்டாள், இவள் தனக்காகத் தைத்திருக்கிறாள், அந்தக் கால் நொந்திருக்கிறது என்றார். யாருடையது என்று கேட்டார்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ‘பெண் சப்பாத்து, கிரீன்லாந்து’ என்று இருந்தது. கொண்டுவந்த ஆசிரியரின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. உயரம், அகலம், நூல், தையல் எல்லாம் என் கையால் எழுதியிருந்தேன். குதிக்கால் துண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தெரியாது என்றேன்.

“இதைக் கொடுத்துவிட்டு அந்தக் குளிர்காலம் அவள் பழைய சப்பாத்தோடு நடந்திருப்பாள்,” என்றார் அவர். அதில் கோபம் ஒன்றும் இல்லை. காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார். அவர் போனபின் நான் அந்த மேசைக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அந்தச் சப்பாத்துக்காரிக்காகவா அம்மாவுக்காகவா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். திங்கள் காலை என் திறப்பால் கதவைத் திறந்து மேலே போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பொம்மையிலிருந்து சேலையை அவிழ்த்தேன். பதினெட்டு வருடப் பழக்கம், துணியை எப்படி எடுப்பது என்று கைக்குத் தெரிந்திருந்தது. மடித்து அமிலமில்லாத தாளில் சுற்றினேன். பிறகு கீழே வந்து பதிவேட்டைத் திறந்து, பொருள் எங்கே என்ற கட்டத்தில் இருந்ததை அழித்து, ‘உடையவரிடம், அவர் உடுத்துவதற்காக’ என்று எழுதி, தேதியும் என் பெயரும் போட்டேன். அதே வரியைத் தலைவருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினேன். எடுத்தது களவு என்று எனக்குத் தெரியும். ஆனால் பதிவேட்டில் பொய் எழுத எனக்கு வராது.

அன்று அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தார். தாளைப் பிரித்துச் சேலையை அவர் மடியில் வைத்தேன். சரிகையைத் தடவினார். முகத்துக்குக் கிட்டத் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு மணமும் இல்லை,” என்றார். ஆனாலும் அவர் முகம் மலர்ந்திருந்தது. அவ்வளவு நாளில் அப்படி ஒருநாளும் பார்க்கவில்லை. “உன்ரை தலைவர் விட்டிட்டாவோ?”

“இல்லை.”

“அப்ப?”

“எடுத்துக்கொண்டு வந்திட்டன். எழுதி வைச்சிட்டுத்தான் வந்தனான்.”

அம்மாவின் கை சேலையில் நின்றது. “வேலை போகுமோ?”

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. “தெரியாது,” என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். சேலையை என் பக்கம் தள்ளினார். தள்ளுவதற்கு அவருக்குப் பலம் போதவில்லை, பாதி அவர் மடியிலேயே கிடந்தது.

“கொண்டு போய் வை.”

“அம்மா...”

“இண்டைக்கே கொண்டு போய் வை. நீ தனிய இருக்கிறாய். வேலையும் போனால் என்ன செய்வாய்? நான் எதைக் கட்டினால் என்ன? எரியிறதுதானே.” மூச்சு வாங்கியது. “எனக்குச் சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணவில்லை. “சரி, வைக்கிறன்,” என்று மட்டும் சொல்லி, சேலையை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் என் அலுமாரியில் வைத்தேன். எனக்காக அவர் விட்டுக்கொடுத்ததை நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை. அவருக்கு மட்டும்தான் பிடிவாதம் உண்டா?

தலைவர் செவ்வாய்க்கிழமை என்னை உட்காரவைத்துப் பேசினார். நீ காத்திருந்திருக்க வேண்டும் என்றார். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை என்றேன். எல்லாம் முடிந்தபிறகாவது சேலை திரும்பிவருமா என்று கேட்டார். அது அம்மாவோடு எரியும் என்று சொன்னதும், பதிவேட்டைத் திறந்து நான் எழுதியதை இன்னொருமுறை வாசித்தார். நிர்வாகசபைக்கு அறிவிக்காமல் விடமுடியாது, ஆனால் நீ எழுதிய வரியை நான் மாற்றப்போவதில்லை என்றார். சபை கூடும்வரை என் வேலை அந்தரத்தில் இருந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“வைச்சிட்டியோ?”

“ஓம் அம்மா. வைச்சிட்டன்.”

“பொம்மைக்கு வடிவா உடுத்தினியோ?”

“ஓம்.”

“கொய்யக மடிப்பு சரியா வந்ததோ? உனக்கு அது ஒருநாளும் சரியா வாறேல்லை.”

“இந்தமுறை சரியா வந்தது.”

“நல்லது,” என்று சொல்லி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நல்லது என்று வாய் சொன்னது. முகத்தில் இருந்தது வேறு. முதல்நாள் சேலையைத் தொட்டபோது வந்த வெளிச்சம் அதில் இல்லை. அவர் மனதுக்குள் நான் அதைத் திருப்பி வைத்திருக்கமாட்டேன் என்று ஒரு மூலையில் நம்பியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் பிள்ளைதானே, சொன்னதைக் கேளாமல் இருப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். சொன்னால் அவர் என்னை விடமாட்டார். அப்பாவைப் பிடித்து, தாதியைப் பிடித்து, தலைவருக்கே தொலைபேசி எடுக்கச் சொல்லியாவது அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். அதட்ட முடியாத அளவுக்கு அவர் தளரும்போது, காதுக்குள் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்த அளவு வந்தது. நான் குனிந்து, “அம்மா, கூறை வீட்டை இருக்குது. உங்களுக்குத்தான்,” என்றேன். இரண்டுமுறை சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறையும் சொன்னேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தாதி வந்து, இரவிலிருந்தே அவருக்கு நினைவில்லை என்றார். பின்னேரம் அம்மா இறந்துபோனார்.

ஸ்கீவவிலிருந்து வந்த இரண்டு பெண்களும் நானும் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டி உடுத்தினோம். எரியூட்டலுக்குப் பொறுப்பான டேனிஷ்காரர் வந்து, உடையில் பிளாஸ்டிக் ஏதும் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். பட்டும் உலோகச் சரிகையும் மட்டும்தான் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இழைவிபரம் எழுதியதே நான். கொய்யகத்தை மற்றப் பெண்கள் பிடிக்க வந்தபோது நான் விடவில்லை. மூன்றுமுறை அவிழ்த்து மடித்தேன். அப்பா உள்ளே வந்து குங்குமம் வைத்தார். சேலையைக் கண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “அவவுக்குச் சொன்னனியோ?” என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன், இல்லையென்று.

அடுத்த வாரம் நிர்வாகசபையின் கடிதம் வந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை, காட்சிப்பெட்டிகளின் திறப்புக் கொத்தை ஒப்படைக்கவேண்டும், வேலை தொடரலாம். அம்மா பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். அம்மா ஆசைப்பட்ட கூறையோடுதான் போனார். அது தனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். இரண்டையும் செய்தது நான்.